கருந்துளையுள் வீழும் பொருளின் கதி

விழா மலருக்குக் கட்டுரையொன்று தருக என மலர்க்குழுவினர் பணித்தவிடத்து, தமிழாசிரியராகிய யாம் சங்க இலக்கியத்திலிருந்தோ திருமுறையிலிருந்தோ ஒரு பொருளை எடுத்துக்கொள்வோம் என்றே அவர்கள் எண்ணியிருத்தல் கூடும். அவ்வாறு எழுத வல்லார் பலர் நம்மிடையே உளர். யாமோ வானநூற் பொருளொன்றைத் தெரிந்துகொண்டோம். காரணம் இரண்டு. மேல்வகுப்பு மாணவர் சிலர், செய்யுட் பாடம் நடந்துகொண்டிருந்த வேளையிலே, 'கருந்துளைக்குள் விழுந்த பொருள் எங்கே போகிறது, ஐயா?' என்று வினவினர். வினாவை வேறொரு பாடத்துக்கு உரியதென்று தள்ளிவிட எமக்கு மனம் வரவில்லை. மற்றது, விடை தேடிச் செல்லும் வழியின் தலைவாயிலில் நிற்பவர் ஒரு தமிழர் என்பதும், அவர் சென்னைத் திருவல்லிக்கேணியிலுள்ள இந்து உயர்நிலைப் பள்ளியில் 1922 முதல் 1925 வரை பயின்றவர் என்பதும் ஆம். இந்து என்னும் பெயர் பூண்ட கல்விச்சாலையொன்றின் பழைய மாணவரைப் பற்றி மற்றோர் இந்துக் கல்லூரியின் பழைய மாணவர் மலரில் எழுதுதல் பொருந்தாதாகாது.

முதற்கண் சொல்லைப் பற்றிச் சிறிது கூறுவோம். அஃது எம் தொழில். ஆங்கிலத்தில் இப்பெயரை 1967ஆம் ஆண்டளவிற் பரவச் செய்தவர் அமெரிக்கப் பேராசிரியர் ஜோன் வீலர். அதனைத் தமிழிற் கருந்துளை என்றனர். துளை என்பது ஒரு பக்கம் புகுந்து மறுபக்கம் புறப்படுவது. வேய்ங்குழலுக்கும் ஊசிக்கும் உள்ளது அது. ஈண்டுக் குறிக்கப்படும் பொருளுக்கோ மறுபக்கம் என ஒன்று காணப்பட்டிலது. கருங்குழி எனச் சிலர் எழுதுவர்; அது சற்றுப் பொருத்தமுடையது எனினும் வழக்கு முந்திக்கொண்டது. துளை என்ற சொல்லால் அங்கே ஒன்றுமில்லை என்று மாணவர் மயங்காதிருத்தல் வேண்டும். ஒன்றுமில்லாத இடமன்று அது. அளவிறந்த திணிவு மிகச் சிறிய இடத்தில் அடங்கிய நிலையாகும்.

மேலே எறிந்த கல் கீழே விழுகின்றது. செக்கனுக்கு 11.2 கிலோமீற்றர் வேகத்துடன் எறிவோமாயின் அது திரும்பி வாராது. ஞாயிற்றின் மேற்பரப்பிலிருந்து தப்புதற்கோ செக்கனுக்கு 618 கிலோமீற்றர் வேகம் வேண்டும். திணிவு கூடினும், அத்திணிவு அடங்கிய உருண்டை சுருங்கினும், தப்பும் வேகம் உயரும். சுருங்கிச் சுருங்கி அவ்வேகம் ஒளியின் வேகமாகிய செக்கனுக்கு 3 இலட்சம் கிலோமீற்றரை எட்டுமாயின், ஒளியும் வெளிவாராது. ஒளியின் விரைவை விஞ்சுவது உலகில் யாதுமில்லை. ஆதலின் பிறிதெதுவும் வெளிவாராது. இதனை 1783ஆம் ஆண்டிலேயே ஜோன் மிச்செல் என்னும் ஆங்கிலேயர் ஒருவாறு கருதினார். ஐன்ஸ்டைனின் பொதுச்சார்புக் கொள்கை வெளிவந்த மறு ஆண்டாகிய 1916இல் கார்ல் சுவார்சுசைல்டு என்னும் ஜேர்மானியர் அதற்குரிய கணக்கைச் செய்து வெளியிட்டார். அக்கணக்கின்படி ஞாயிறு முழுவதும் ஏறக்குறைய 3 கிலோமீற்றர் ஆரையுடைய உருண்டைக்குள் அடங்கினாற் கருந்துளையாம். நாம் வாழும் பூமி, மலையும் கடலும் உட்பட, 9 மில்லிமீற்றர் ஆரைக்குள் அடங்குதல் வேண்டும். ஒரு சிறு நெல்லிக்காயளவு என்க.

அத்தகைய சுருக்கம் கணக்கில் நிகழலாம், வானில் நிகழுமோ? நிகழாது என்றே பெரியோர் பலர் நம்பியிருந்தனர். அந்நம்பிக்கையை அசைத்தவர் சுப்பிரமணியன் சந்திரசேகர்.

அவர் 1910ஆம் ஆண்டு அக்டோபர் 19ஆம் நாள் இலாகூரிற் பிறந்தார். தந்தையார் சுப்பிரமணிய ஐயர் புகையிரதக் கணக்காய்வுப் பணியில் இருந்தமையாற் குடும்பம் அங்கு வாழ்ந்தது. தாயார் சீதாலட்சுமி, இப்சன் என்னும் நோர்வே நாட்டுப் புலவரின் 'பொம்மை வீடு' நாடகத்தைத் தமிழாக்கியவர் என்பதைத் தமிழாசிரியர் என்ற முறையிற் குறியாது செல்ல எம்மால் இயலவில்லை. நோபெல் பரிசு பெற்ற சேர். சி. வி. இராமன் இவருக்குச் சிறிய தந்தையார். சென்னை மாநிலக் கல்லூரியிற் பௌதிகவியற் பட்டம் பெற்று, 1930ஆம் ஆண்டு யூலை 31ஆம் நாள் பம்பாயிற் கப்பலேறி இங்கிலாந்துக்குச் சென்றார். அப்பொழுது அவருக்கு வயது 19. கப்பலில் ஏனையோர் பொழுதுபோக்கியிருக்க, இவ்விளைஞர் விண்மீன்களின் முடிவு யாதாகும் என்று கணக்கிட்டுக்கொண்டிருந்தார்.

அக்கணக்கு யாதென மாணவர் அறிதல் நன்று. விண்மீன் என்பது தன் ஈர்ப்பினால் உள்நோக்கி விழ முயலும் பெருந்திரள்; உள்ளே அணுக்கருக்கள் இணைதலாற் பிறக்கும் வெப்பம் அதனை வெளிநோக்கித் தள்ளித் தாங்குகின்றது. எரிபொருள் தீர்ந்தபின் தாங்குவது யாது? சிரியசு என்னும் ஒளிமிக்க விண்மீனுக்குத் துணையாக 1862இற் காணப்பட்ட சிறு விண்மீனொன்று உண்டு. அதன் திணிவு ஞாயிற்றின் திணிவை ஒப்பது. பருமனோ நம் பூமியை ஒப்பது. பாலாவி உப்பளத்து உப்பிலே ஒரு தேக்கரண்டி அள்ளினால் அது கையிற் கனப்பதில்லை. அவ்விண்மீனின் பொருளில் ஒரு தேக்கரண்டி பத்துத் தொன்னுக்கு மேற்பட்டு நிற்கும். அத்துணை நெருக்கத்தில் இலத்திரன்கள் ஒன்றின் நிலையில் மற்றொன்று அமைய மறுத்து எதிர்த்துத் தள்ளுகின்றன. அத்தள்ளுகையே அவ்வெண்குறுமீனைத் தாங்குகின்றது. கேம்பிரிட்ஜில் வாழ்ந்த பௌலர் 1926இல் இதனைக் காட்டியிருந்தார்.

சந்திரசேகர் கேட்டது அதற்கு அடுத்த வினா. நெருக்கம் மிகுந்தோறும் இலத்திரன்கள் மேன்மேலும் விரைகின்றன. ஆயின் ஒளியின் வேகத்தை அவை கடத்தல் இயலாதே! அவ்வெல்லையை நெருங்கியவிடத்து அவற்றின் எதிர்ப்பு, சுமைக்கு ஏற்ப உயர்வதில்லை. ஆகவே ஒரு வெண்குறுமீன் தாங்கக்கூடிய திணிவுக்கு ஓர் எல்லை உண்டு. அது ஞாயிற்றின் திணிவைப்போல் ஏறக்குறைய 1.4 மடங்கு. இஃது இன்று சந்திரசேகர் எல்லை எனப்படும். அதனின் மிக்க திணிவுடைய கரு எரிந்து ஓய்ந்தால் வெண்குறுமீனாய் அமைதி பெறாது, மேலும் வீழும்.

1935ஆம் ஆண்டு சனவரி 11ஆம் நாள் இலண்டனில் அரச வானியற் கழகக் கூட்டத்தில் அவர் இதனை எடுத்துரைத்தார். அவரை அடுத்து எழுந்தவர் சேர். ஆதர் எடிங்டன், அக்காலத்து வானநூலறிஞருள் முதல்வர், சந்திரசேகரின் அறைக்கு அடிக்கடி சென்று அவருடைய கணக்கு வளர்வதைப் பார்த்துவந்தவருங்கூட. அவர் எழுந்து, இக்கணக்கு மெய்யாயின் விண்மீன் சில கிலோமீற்றர் ஆரை வரை சுருங்கிச் சுருங்கி ஈற்றில் ஒளியும் வெளியேறாத நிலையை எய்தவேண்டுமே என்றும், விண்மீன் அவ்வாறு பித்துக்கொண்டு நடவாதபடி தடுக்கும் விதியொன்று இயற்கையில் இருத்தல் வேண்டும் என்றும் கூறி நகைத்தார். அவையும் நகைத்தது. விந்தை யாதெனின், கருந்துளையை அன்றே தெளிவாகக் கண்டவர் எடிங்டன். கண்டதனை நம்பாது விட்டவரும் அவரே.

எடிங்டன்மீது எமக்கு அத்துணைச் சினமில்லை. தாம் கொண்ட கொள்கையை அவர் வெளிப்படையாகச் சொன்னார். பௌலி, போர் முதலிய பேரறிஞர் சந்திரசேகர் பக்கமே உண்மை உளதென்று தனிப்பட ஒப்பினர். பொதுவில் எழுந்து கூறினார் இலர். அம்மௌனமே இளைஞரைப் பெரிதும் வருத்தியிருக்கும் என்பது எம் கருத்து. 1937இல் அவர் அமெரிக்கா சென்று சிக்காகோப் பல்கலைக்கழகத்திற் சேர்ந்தார். 1939இல் விண்மீன் அமைப்பைப் பற்றிய நூலொன்றை எழுதி அத்துறையை முடித்துவைத்துவிட்டு வேறு துறைகளுக்குப் பெயர்ந்தார். எடிங்டனுடன் நட்பை மட்டும் முறித்தாரல்லர். 1944இல் எடிங்டன் மறைந்தபொழுது அவரைப் போற்றிப் பேசினார். பல்லாண்டு கழித்துக் கருந்துளைக்கு மீண்டு, அதன் கணித நெறியைப் பெருநூலாக வகுத்து 1983இல் வெளியிட்டார். நோபெல் பரிசு கிடைத்ததும் அவ்வாண்டிலேயே. அவர் 1995இல் மறைந்தார். 1999இல் வானில் ஏவப்பட்ட எக்ஸ்கதிர்த் தொலைநோக்கி ஆய்வகத்துக்குச் 'சந்திரா' என்று அவர் பெயரையே இட்டனர்.

1.4 மடங்கைக் கடந்த உடனே கருந்துளையாம் என்று கொள்ளற்க. இடையே நியூத்திரன் விண்மீன் என்றொரு நிலை உண்டு. அதற்கும் எல்லை, ஞாயிற்றின் திணிவைப்போல் இரண்டு மடங்குக்குச் சற்று மேல். அதனையும் கடந்த கரு தாங்குவாரின்றி வீழும். அவ்வீழ்ச்சியை 1939இல் ஒப்பன்ஹைமரும் சினைடரும் கணக்கிட்டுக் காட்டினர்.

இனி மாணவர் வினாவுக்கு வருவோம்.

கருந்துளை தன்னைச் சூழ்ந்த யாவற்றையும் உறிஞ்சி இழுக்கும் அரக்கன் என்பது பலர் கருத்து. அது பிழை. ஞாயிறு இருக்குமிடத்தில் அதே திணிவுடைய கருந்துளையொன்று வைக்கப்படுமாயின், நாம் இருளாலும் குளிராலும் மடிவோமேயன்றி அதற்குள் விழமாட்டோம். பூமி இன்று சுற்றும் பாதையிலேயே சுற்றும். பொருளொன்று உள்ளே விழுதல் எளிதன்று. பக்கவாட்டில் ஓடும் ஓட்டம் சிறிதேனும் இருப்பின், அது விழாமற் சுற்றத் தொடங்கும். சுற்றும் வாயு தட்டுப் போலப் பரந்து, உள்வட்டம் விரைந்தும் வெளிவட்டம் தாழ்ந்தும் ஓட, அவை ஒன்றோடொன்று உரைந்து வெப்பங்கொள்ளும். உராய்வால் ஓட்டத்தை இழந்த பகுதியே சிறிது சிறிதாக உள்ளே இறங்கும். ஞாயிற்றளவு திணிவுக்கு 3 கிலோமீற்றர் எல்லை என்றோம். சுழலாத கருந்துளையாயின் 9 கிலோமீற்றருக்கு அப்பால்தான் நிலையான வட்டப்பாதை உண்டு. அதற்கு உட்புகுந்தது வழுக்கி வீழும்.

அவ்வாறு இறங்கும் வழியில் அது வெளியிடும் ஒளியே நாம் காணத்தக்கது. ஐதரசன் ஈலியமாய் மாறும்போது அதன் திணிவில் நூற்றுக்கு 0.7 பங்கே ஆற்றலாய் வெளிப்படுகின்றது. ஞாயிறு ஒளிர்வது அதனாலேதான். கருந்துளையை நோக்கி இறங்கும் பொருளோ நூற்றுக்கு ஏறக்குறைய 6 பங்கையும், கருந்துளை மிக விரைந்து சுழல்வதாயின் 42 பங்கு வரையும் ஆற்றலாக வெளியிடவல்லது. உலகில் மிக இருண்ட பொருளின் வாயிலில் மிக மிக்க ஒளி! அன்னப் பறவை எனப்படும் விண்மீன் கூட்டத்தில் 7,200 ஒளியாண்டு தொலைவில் உள்ள கருந்துளையொன்று, நீலப் பெருமீன் ஒன்றினோடு 5.6 நாளுக்கொருமுறை சுற்றிவந்து, அதன் காற்றைப் பற்றி உண்டு வருகின்றது. அதன் திணிவு ஞாயிற்றைப்போல் 21 மடங்கு. வீழும் வாயு கோடிக்கணக்கான பாகை வெப்பம் எய்தி எக்ஸ்கதிர் வீசுகின்றது. எக்ஸ்கதிர் நம் வளிமண்டலத்தை ஊடுருவாதாகையால், 1964இல் உந்துகணை ஒன்றின் வாயிலாகவே அது முதன்முதற் கண்டறியப்பட்டது. இந்தியா 2015 செப்டெம்பர் 28இல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவிய 'அஸ்ட்ரோசாட்' செய்மதியும் இத்தகைய கருந்துளைகளை ஆராய்ந்துள்ளது.

நம் பால்வீதியின் நடுவிலும் ஒன்று உண்டு. அதன் திணிவு ஞாயிற்றைப்போல் 43 இலட்சம் மடங்கு. தொலைவு ஏறக்குறைய 27,000 ஒளியாண்டு. ஆனி, ஆடி மாதத்து இருளிரவில், நுரைச்சோலை மின்விளக்கொளி எட்டாத கற்பிட்டிக் கரையொன்றில் நின்று தெற்கே நோக்குவோர், விருச்சிகத்தின் கொடுக்கு வளையும் இடத்துக்குக் கிழக்கே பால்வீதி தடித்து வெளிறியிருப்பதைக் காண்பர். அத்திசையே அது. நடுவே புழுதி மறைப்பதால் கண்ணுக்குப் புலப்படாது. அதனை 16 ஆண்டுக்கொருமுறை சுற்றிவரும் விண்மீனொன்றின் பாதையை அளந்தே அதன் திணிவை அறிந்தனர். அப்பணிக்காக கென்சல் என்பாரும் கெஸ் அம்மையாரும் 2020இல் நோபெல் பரிசிற் பங்கு பெற்றனர். 2022 மே 12இல் அதன் படமும் வெளிவந்தது. ஒளிவளையமும் நடுவே இருளும் கொண்ட அப்படத்தில் வளையமாய்த் தெரிவது, சூழ்ந்து சுழலும் வெப்ப வாயுவின் ஒளியாகும்.

இனி, வீழும் பொருளின் உடலுக்கு நேர்வது. நம் கடலில் வற்றும் பெருக்கும் உண்டாதற்கு நிலவு காரணம் என்பதைக் கடற்கரையார்க்கு யாம் கூறவேண்டுவதில்லை. நிலவின் பக்கத்துக் கடலை நிலவு சற்று வலிதாகவும், அப்பக்கத்துக் கடலைச் சற்று மெலிதாகவும் இழுக்கின்றது. அவ்வேறுபாடே பூமியின் நீரை இருபுறமும் நீட்டுகின்றது. புத்தளம் களப்பில் அதன் விளைவு சிறிதே. கருந்துளையின் அருகிலோ அதுவே கொடிதாகும். ஞாயிற்றைப்போல் 10 மடங்கு திணிவுடைய கருந்துளையை நோக்கி ஒருவன் காலை முன்னிட்டு விழுவானாயின், எல்லையை அணையுமிடத்து அவன் காலுக்கும் தலைக்கும் உள்ள இழுப்பு வேறுபாடு, பூமியில் அவன் உணரும் எடையைப்போல் ஒன்றரைக் கோடி மடங்குக்கு மேற்படும். அவன் எல்லையை எட்டுமுன்பே இடியப்ப உரலிற் பிழிந்த மாவென நீண்டு இறுவான். மேலைநாட்டார் தம் உணவாகிய ஸ்பகெட்டியின் பெயரால் இதனைக் குறிப்பர். நமக்கு இடியப்பம் போதும்.

ஆயின், கருந்துளை பெரிதாகப் பெரிதாக அதன் எல்லையில் இக்கொடுமை குறையும் என்பதே வியப்பு. நம் பால்வீதி நடுவிலுள்ள கருந்துளையின் எல்லையில் அவ்வேறுபாடு பூமியின் எடையிற் பத்தாயிரத்தில் ஒரு பங்கே; விழுவோன் அதனை உணரான். ஆனால் மனிதனிலும் மிகப் பருமனான விண்மீன் அங்ஙனம் தப்பாது. ஞாயிறு போன்ற விண்மீன் அக்கருந்துளைக்கு 11 கோடி கிலோமீற்றர் அளவு நெருங்கினாலே கிழிபடும். கிழிந்த வாயுவில் ஏறக்குறையப் பாதி திரும்பி வந்து சுற்றி விழும். பாதி எறியப்பட்டுத் தப்பியோடும். வேறு பால்வீதிகளில் இத்தகைய நிகழ்ச்சிகள் பல காணப்பட்டுள்ளன. ஞாயிற்றைப்போல் 10 கோடி மடங்குக்கு மேற்பட்ட திணிவுடைய கருந்துளையோ அத்தகைய விண்மீனைக் கிழியாமலே முழுமையாக விழுங்கும்.

எல்லை எல்லை என்கின்றோமே, அஃது என்ன? சுவரன்று, திரையுமன்று. மாரிவெள்ளம் பெருகும்போது தெதுறு ஓயா கடலிற் கலக்குமிடத்தை நினைக. முகத்துவாரத்தை நெருங்க நெருங்க நீரோட்டம் விரையும். வள்ளத்தில் உள்ளவன் தன் வலிமை முழுதும் கொண்டு தண்டு வலித்தால் ஒரு வேகத்தில் எதிர்த்து வருவான். ஓட்டம் அவ்வேகத்தை எட்டும் இடம் ஒன்று உண்டு. அதற்கு இப்பால் உள்ளவன் தப்பலாம். அப்பாற் போனவன் எவ்வளவு வலித்தும் கடலுக்கே போவான். அவ்விடத்தில் நீரின்மேற் கோடு எதுவும் இராது. கடந்தவன் கடந்ததை அக்கணத்தில் அறியான். உடப்பூர்க் கரைவலையின் இரு கைகளுக்கிடையே புகுந்த மீன் மடி இன்னும் தூரத்தில் இருப்பதால் அச்சமின்றித் திரிவது போன்றது அது. கருந்துளையிடத்து நீருக்குப் பதிலாக வெளியே உள்நோக்கி ஓடுவதாகவும், வள்ளத்தின் வேகத்துக்குப் பதிலாக ஒளியின் வேகத்தையும் கொள்க. உவமை முற்றும் பொருந்தாது; ஆற்றின் ஓட்டத்தைக் கரையிலிருந்து அளக்கலாம், வெளிக்குக் கரை இல்லை. எனினும் எல்லையின் இயல்பை விளக்க இதனின் நல்லது எமக்குக் கிடைத்திலது.

தமையன் தொலைவில் நிற்க, தம்பி பால்வீதி நடுக் கருந்துளையுள் விழுகின்றான் என்று வைத்துக்கொள்வோம். தம்பியின் கையில் உள்ள விளக்கு செக்கனுக்கொருமுறை மின்னுகின்றது. எல்லையை நெருங்குந்தோறும், தமையன் காணும் மின்னல்கள் இரண்டு செக்கனுக்கொன்று, பத்துச் செக்கனுக்கொன்று என இடைவெளி நீண்டு வரும். ஒளியின் நிறம் சிவந்து, பின் கண்ணுக்குப் புலப்படா நிறமாகும். தம்பி எல்லையைக் கடக்கும் காட்சியைத் தமையன் என்றுமே காணான். எல்லையருகே உறைந்தாற்போல் நின்று மங்குவதையே காண்பான். மங்குதற்கு நெடுங்காலம் வேண்டா. சில நிமிடங்களில் அணுவளவு ஒளியும் எஞ்சாது போம். தம்பியின் கடிகாரத்திலோ எத்தடையும் இல்லை. அவன் எல்லையைக் கடந்து, ஏறக்குறைய 28 செக்கனில் நடுவை அடைவான்.

இவ்விரு கூற்றுள் எது மெய் என மாணவர் வினவினர். இரண்டும் மெய். தமையன் காண்பது தம்பியை அன்று, தம்பியிடமிருந்து வந்து சேரும் ஒளியை. எல்லையின் அருகிற் புறப்பட்ட ஒளி, வெள்ளத்தை எதிர்த்து ஏறும் வள்ளம் போலத் தயங்கித் தயங்கி வருகின்றது. வந்து சேராத செய்தி நிகழாத செய்தி ஆகாது.

உள்ளே சென்ற தம்பி விசையுள்ள பொறியொன்றை இயக்கித் தப்ப முயலலாமோ எனின், முயலலாம். என் செய்யினும் 66 செக்கனுக்கு மேல் அவன் காலம் நீளாது. எல்லைக்கு உள்ளே நடு என்பது ஓரிடம் என்ற தன்மையை இழந்து, வருங்காலம் என்ற தன்மையைப் பெறுகின்றது. நாளைய நாளினின்று ஓடி ஒளித்தல் எவர்க்கும் கூடாதன்றோ? அவ்வாறே நடுவினின்றும் விலகுதல் கூடாது. எம்-87 என்னும் பால்வீதியின் நடுவிலே, ஞாயிற்றைப்போல் 650 கோடி மடங்கு திணிவுடைய கருந்துளை ஒன்று உளது; 2019 ஏப்ரல் 10இல் முதன்முதற் படமாக வெளியிடப்பட்டது அதுவே. அதற்குள் விழுவோனுக்கு நடுவை எட்ட ஏறக்குறைய 12 மணி நேரம் செல்லும். காலையில் எல்லை கடந்தவன் மாலை விளக்கேற்றும் வேளை வரை உயிர்த்திருப்பான். கருந்துளையைச் சூழ்ந்த கொதிவாயு அவனை முன்னமே எரியாதிருக்குமாயின்.

நடுவில் யாது நிகழும்? கல்கத்தாவில் வாழ்ந்த அமல் குமார் இராய்சௌதுரி என்பார் 1955இற் சமன்பாடொன்றை வெளியிட்டார். ஈர்ப்பில் வீழும் பொருளின் பாதைகள் ஒன்றையொன்று நோக்கிக் குவியும் என்பதை அது காட்டுவது. அதுபற்றி நின்று, பின்னர் ரோஜர் பென்ரோஸ் 1965இல், எல்லைக்குள் சுருங்கும் பொருளுக்குப் பொதுச்சார்புக் கொள்கையின்படி முடிவிடம் ஒன்று தவிர்க்கவொண்ணாதது என்று நிறுவினார்; 2020ஆம் ஆண்டுப் பரிசின் ஒரு பாதி அதற்கே. அவ்விடத்தில் அடர்த்தி அளவிறந்து போகின்றது, கணக்கு நின்றுவிடுகின்றது. கொள்கை தன் எல்லையைத் தானே காட்டும் இடம் அது. சைவ சித்தாந்தத்தில் இதற்கு ஒப்புமை தேடுவாரும் உளர். யாம் அவ்வழி செல்லோம். பௌதிகவியலின் வினாவுக்குப் பௌதிகவியலே விடை கூறட்டும்.

வெளியிலிருந்து பார்ப்போர்க்கு எஞ்சுவது யாது? திணிவு, சுழற்சி, மின்னேற்றம் என்னும் மூன்றே. விழுந்தது பொன்னோ உப்போ ஏடோ என்பது தெரியாது. முன்னேசுவரத்து மணியை யார் அடித்தார் என்பதை அதன் ஓசை கூறாது. மணி பெரிதோ சிறிதோ என்பதையே கூறும். கருந்துளையும் அவ்வாறே என்று, பெங்களூரைச் சேர்ந்த விசுவேசுவரா 1970இற் கணக்கிட்டுக் காட்டினார்: அதன்மேல் எது மோதினும், அது தன் திணிவுக்கும் சுழற்சிக்கும் உரிய தொனியில் அதிர்ந்து விரைவில் ஓயும். 2015 செப்டெம்பர் 14இல், 130 கோடி ஒளியாண்டு தொலைவில் 36, 29 ஞாயிற்றுத் திணிவுடைய இரு கருந்துளைகள் ஒன்றாய் இணைந்த அதிர்வு அமெரிக்காவிலுள்ள லைகோக் கருவிகளில் எட்டியது. இணைந்தபின் திணிவு 62. குறைந்த மூன்று ஞாயிற்றின் திணிவு ஈர்ப்பலையாய்ப் பரவிப் போயிற்று. 2017இல் மறைந்த விசுவேசுவரா அச்செய்தியைக் கேட்கும் பேறு பெற்றார்.

ஆயினும் மாணவர் வினாவின் ஒரு பகுதி எஞ்சுகின்றது. எம் கருத்தில் அதுவே முதன்மையானது. உப்பை நீரிற் கரைத்தால் அது மறைந்துபோம், அழிவதில்லை. பாத்தியில் வெயில் காய்ந்தால் மீண்டும் உப்பாய் விளையும். உலகில் எந்நிகழ்ச்சியையும் நுணுகி நோக்கின் முன்னிருந்த நிலையின் சுவடு யாங்கேனும் எஞ்சியிருக்கும் என்பது குவாண்டக் கொள்கையின் அடிப்படை. எரித்த ஏட்டின் எழுத்தும், புகையும் சாம்பலும் வெப்பமுமாய்ச் சிதறிய வடிவிலே உளது. கருந்துளையுள் விழுந்த ஏட்டின் எழுத்து உள்ளே இருக்கின்றது என்று சொல்லி ஒருகாலத்தில் அமைதியடைந்திருக்கலாம். 1974இல் ஸ்டீபன் ஹோக்கிங் அவ்வமைதியைக் குலைத்தார். கருந்துளை முற்றிலும் கரியதன்று, மிக மெல்லிய வெப்பக்கதிரை வீசி மெல்ல மெல்ல வற்றும் என்று அவர் கணக்குக் காட்டிற்று. கருந்துளை வற்றி ஒழிந்தபின் எழுத்து எங்கே? வெளிவந்த கதிரில் அது இல்லையென்றால், அழிந்தது என்றே கொள்ளவேண்டும். அழியுமாயின் குவாண்டக் கொள்கையின் அடித்தளம் சாயும். அழியாதாயின் எல்லையைக் கடந்தவனுக்கு எதுவும் நேராது என யாம் மேலே கூறியதைத் திருத்தவேண்டி வரலாம். ஹோக்கிங் முதலில் அழியும் என்றார். 2004இல் தம் கருத்தை மாற்றி, அழியாது என ஒப்பினார். 2019 முதல் வெளிவந்த கணக்குகள் சில, கதிரிலே சுவடு எஞ்சும் என்ற பக்கமே சாய்கின்றன. எழுத்து எவ்வழியால் எல்லையைத் தாண்டி வெளிவருகின்றது என்பதில் அறிஞரிடையே வழக்கு இன்னும் தீர்ந்திலது.

சோதித்துப் பார்க்கலாமே எனின், இடர்ப்பாடு ஒன்று உளது. ஞாயிற்றளவு திணிவுடைய கருந்துளையின் வெப்பநிலை, தனிப் பூச்சியத்துக்கு மேல் ஒரு பாகையின் ஒரு கோடியில் ஒரு பங்கினும் குறைவு. திணிவு மிகுந்தோறும் அது இன்னும் குளிரும். வெற்று விண்வெளியின் வெப்பநிலையோ 2.7 பாகை. ஆகவே இன்று வானிற் காணப்பட்டுள்ள கருந்துளைகள் யாவும் வீசுவதிலும் மிகுதியாய் ஏற்றுக்கொண்டே இருக்கின்றன. ஒன்றேனும் இன்னும் வற்றத் தொடங்கவில்லை.